வாள் வென்ற நகரில் நம்பிக்கை தோற்றது ஏன்?



அண்மையில் மத்ரஸாவில் எகிப்து வரலாற்றைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். 1798ஆம் ஆண்டு நெப்போலியன் படையுடன் வந்து இறங்கியபோது அரபு மொழியில் ஓர் அறிக்கை வெளியிட்டார் என்றும், அது பிஸ்மில்லாஹ்வைக் கொண்டு தொடங்கியது என்றும் கூறினோம். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், அதைப் படித்த மக்கள் அவரை நம்பினார்களா?" என்று கேட்டார்.

"நம்பவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அது முழு உண்மையாகாது. எகிப்திய மக்களில் பலர் முதலில் பொறுத்திருந்து பார்த்தார்கள். சிலர் ஒத்துழைக்கவும் செய்தார்கள். மூன்றே மாதங்களில் அந்தப் பொறுமை எவ்வாறு கரைந்தது, ஏன் கரைந்தது என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். ஆக்கிரமித்த படைகள் பலவும் களத்தில் வென்ற பிறகே மக்களிடம் தோற்றிருக்கின்றன. அந்தத் தோல்வி எங்கிருந்து தொடங்குகிறது என்பதை எகிப்தின் அந்த மூன்று ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

நமக்கு இதில் ஒரு நற்பேறும் உண்டு. கெய்ரோவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்ஜபர்தீ எனும் ஆலிம், தம் கண்முன் நடந்தவற்றை அன்றாடம் எழுதிவைத்தார். அவர் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த நல்லதை மறைக்கவில்லை. தம் மக்களிடம் இருந்த தவற்றையும் மறைக்கவில்லை. ஆகவே அவருடைய சாட்சியம் கனமானது.

முன்பிருந்த ஆட்சி

அன்றைய எகிப்து பெயரளவில் உஸ்மானிய சுல்தானுக்கு உரியது. உண்மையான அதிகாரமோ மம்லூக் தலைவர்களான இப்ராஹீம் பே, முராத் பே ஆகியோர் கையில் இருந்தது. அவர்கள் முஸ்லிம்கள்தாம், ஆயினும் அவர்களுடைய ஆட்சி நீதியானதாக இருக்கவில்லை. வரிக்கு மேல் வரி விதித்தார்கள். அவர்களுடைய ஆட்கள் கிராமங்களைக் கசக்கிப் பிழிந்தார்கள்.

1795ஆம் ஆண்டு பில்பைஸ் பகுதிக் கிராமத்து விவசாயிகள், மம்லூக் தலைவர் ஒருவரின் ஆட்கள் தங்கள்மீது இழைத்த அநீதியை அல்அஸ்ஹரின் தலைமை ஆலிமான ஷேக் அப்துல்லாஹ் அஷ்ஷர்காவீயிடம் முறையிட்டார்கள். அவர் அல்அஸ்ஹரின் கதவுகளை மூடச் செய்தார். கடைகள் அடைக்கப்பட்டன. உலமாக்களும் பொதுமக்களும் வீதியில் திரண்டார்கள். இறுதியில் அநியாய வரிகளை நீக்குவதாக அந்த ஆட்சியாளர்கள் எழுத்து மூலம் உறுதியளிக்க நேர்ந்தது. அந்த உறுதி நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு.

இதை நாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எகிப்திய மக்கள் தங்கள் ஆட்சியாளர்களை நேசித்துக்கொண்டிருக்கவில்லை. வேறு எவரேனும் வந்து இந்தச் சுமையை இறக்கிவைத்தால் நன்றி சொல்லக்கூடிய நிலையில்தான் அவர்களில் பலர் இருந்தார்கள். நெப்போலியனுக்குக் கிடைத்த வாய்ப்பு சிறிதன்று.

அழகிய அறிக்கை

ஹிஜ்ரி 1213ஆம் ஆண்டு முஹர்ரம் மாதம், அதாவது 1798 ஜூலை முதல் வாரத்தில், 35,000க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட பிரெஞ்சுப் படை அலெக்சாந்திரியாவில் இறங்கியது. ஜூலை 21 அன்று கெய்ரோவுக்கு எதிர்க்கரையிலுள்ள இம்பாபாவில் மம்லூக் குதிரைப்படை சிதறியது. ஐரோப்பியர் இதைப் பிரமிடுப் போர் என்று அழைக்கிறார்கள். சில நாட்களில் கெய்ரோ பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

படையோடு அச்சு இயந்திரமும் அரபு அச்செழுத்துகளும் வந்திருந்தன. முன்னரே அச்சிடப்பட்ட அறிக்கை ஊர் ஊராக விநியோகிக்கப்பட்டது. அல்லாஹ்வுக்கு மகன் இல்லை, ஆட்சியில் இணை இல்லை என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. பிரெஞ்சுக்காரர் மார்க்கத்தை அழிக்க வரவில்லை, மம்லூக்குகளின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவே வந்தார்கள் என்றது. தாங்கள் குர்ஆனையும் நபி (ஸல்) அவர்களையும் மதிப்பவர்கள் என்றது. உஸ்மானிய சுல்தானின் நண்பர்கள் என்றும் கூறிக்கொண்டது. அதே தாளின் கீழ்ப்பகுதியில், படைக்கு எதிராக எழும் எந்தக் கிராமமும் தீக்கிரையாக்கப்படும் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

ஜபர்தீ அந்த அறிக்கையை வரி வரியாக எடுத்து ஆய்ந்தார். அதன் அரபு இலக்கணப் பிழைகளைச் சுட்டினார். அதைவிட முக்கியமாக, சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலிருந்த முரணைச் சுட்டினார். நபியை மதிப்பதாகச் சொல்கிறவர் அவர் கொண்டுவந்ததைப் பின்பற்ற வேண்டுமே என்பது அவருடைய கேள்வி. ஆனால் ஓர் ஆலிமின் கூர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சாதாரண மக்கள் அறிக்கையை வேறு வகையில் சோதித்தார்கள். தங்கள் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

பொறுத்திருந்த நாட்கள்

நீதியாகப் பேச வேண்டுமானால், தொடக்க நாட்களில் நல்லவையும் நடந்தன. ரபீஉல் அவ்வல் மாதம் மீலாத் விழா நடைபெறாதது கண்டு நெப்போலியன் காரணம் கேட்டார். நிலைமை சரியில்லை, பணமும் இல்லை என்று ஷேக் அல்பக்ரீ கூறியபோது, தம் பணத்தில் 300 ரியால் கொடுத்து விழாவை நடத்தச் சொன்னார். நைல் நதியின் வெள்ளப் பெருக்கு விழாவிலும் கலந்துகொண்டார்.

படையுடன் 150க்கும் மேற்பட்ட அறிஞர்கள் வந்திருந்தார்கள். 1798 ஆகஸ்ட் மாதம் அவர்களுக்காக ஒரு கல்விக் கழகம் நிறுவப்பட்டது. அதன் நூலகத்திற்கு ஜபர்தீ பலமுறை சென்றார். யார் வந்தாலும் வரவேற்று, கேட்ட நூலை எடுத்துக் கொடுத்து, அமர்ந்து படிக்க இடம் கொடுத்ததை வியந்து எழுதினார். அவர்களுடைய வானியல் கருவிகளும் வேதியியல் சோதனைகளும் அவரை ஈர்த்தன. சாலை வேலைக்கு ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லாமல் வழக்கத்தைவிடக் கூடுதல் கூலி கொடுத்தார்கள் என்பதையும் பதிவுசெய்தார்.

இத்தகைய பாராட்டு எதிரியின் பேனாவிலிருந்து கிடைப்பது அரிது. ஆகவே மக்களின் வெறுப்புக்கு அறியாமைதான் காரணம், மதவெறிதான் காரணம் என்று எழுதிய ஐரோப்பிய ஆசிரியர்களின் கூற்று நிற்காது. நல்லதை நல்லது என்று சொல்லத் தெரிந்த மக்கள்தாம் பிறகு கையில் தடியெடுத்தார்கள். இடையில் நடந்தது என்ன?

படைக்குப் பசி எடுத்தபோது

ஆகஸ்ட் முதல் நாள் இரவு, அபூகீர் வளைகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையை ஆங்கிலேயத் தளபதி நெல்சன் தாக்கி ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார். அன்றிலிருந்து எகிப்திலிருந்த படைக்குத் தாய்நாட்டுடன் தொடர்பு அறுந்தது. சம்பளம், உணவு, குதிரை, துணி என எல்லாவற்றையும் அந்த மண்ணிலிருந்தே எடுக்க வேண்டிய நிலை வந்தது.

ஆக்கிரமிப்பின் முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. மக்களை மீட்க வந்ததாகச் சொன்ன படை, மக்களிடமிருந்தே தன் செலவை வசூலிக்க வேண்டியதாயிற்று. வணிகர்களிடமிருந்து பெருந்தொகைகள் 'கடன்' என்ற பெயரில் பெறப்பட்டன. மம்லூக் தலைவர்களின் மனைவியர், தங்கள் உடைமைகளைக் காத்துக்கொள்ளப் பணம் கட்ட நேர்ந்தது. கிராமங்களில் வரி வசூலிக்கப் படைப்பிரிவுகள் சென்றன. கொடுக்க மறுத்த கிராமங்கள் எரிந்தன. கிராமத்தானுக்கு அறிக்கையின் மேற்பகுதி மறந்துபோயிற்று. கீழ்ப்பகுதி மட்டும் உண்மையென்று தெரிந்தது.

அலெக்சாந்திரியாவின் ஆளுநர் சையித் முஹம்மத் குரைய்யிம் முதலில் பிரெஞ்சுக்காரரால் அதே பதவியில் வைக்கப்பட்டவர். பின்னர், எதிரிகளுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். பெருந்தொகை கொடுத்தால் உயிர் மிஞ்சும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தொகை கட்டப்படவில்லை. செப்டம்பர் மாதம் கெய்ரோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிக்கு விலை உண்டு என்ற செய்தி ஊர் முழுவதும் பரவியது. மம்லூக்குகளின் காலத்திலும் அப்படித்தானே இருந்தது? பிறகு இவர்கள் எதிலிருந்து நம்மை மீட்டார்கள் என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

அதே செப்டம்பரில் உஸ்மானிய சுல்தான் பிரான்சுக்கு எதிராகப் போர் அறிவித்தார். சுல்தானின் நண்பர்கள் என்ற சொல்லும் அத்துடன் பொய்யாயிற்று.

கழற்றப்பட்ட கதவுகள்

பழைய கெய்ரோ நகரம் பல தெருக் குடியிருப்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வாயிற்கதவு உண்டு. இரவில் அதை மூடிவிடுவார்கள். திருடனிடமிருந்தும் கலகக்காரனிடமிருந்தும் குடும்பங்களைக் காப்பது அதுவே.

பிரெஞ்சுப் படையினர் அந்தக் கதவுகளை உடைத்துக் கழற்றினார்கள். படைத்தரப்பில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. மூடிய தெருவுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் எப்படி ஆள்வது? அந்நிய ஊரில் அஞ்சி வாழும் படை எல்லாவற்றையும் திறந்து பார்க்கவே விரும்பும். ஆனால் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அது வேறாகத் தெரிந்தது. கதவைக் கழற்றுவது, உறக்கத்தில் தங்களைத் தாக்குவதற்காகவே என்ற வதந்தி பரவியது. அது பொய்யாக இருக்கலாம். ஆயினும் அச்சம் மெய்யானது. அந்த அச்சத்தை உண்டாக்கியதும் படையே.

வீடுகளுக்கு முன்னால் இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும் என்ற ஆணை வந்தது, அணைந்தால் தண்டம். குடியிருப்புகளை ஒட்டிய மையவாடிகளில் ஜனாஸாக்களை அடக்கக் கூடாது என்ற ஆணை வந்தது. அஸ்பகிய்யாவில் கப்ருகளை இடிக்கத் தொடங்கியபோது பெண்கள் உட்பட மக்கள் திரண்டு வந்து முறையிட்டு நிறுத்தினார்கள். கொள்ளைநோய் பரவாமல் இருக்கத் துணிகளை மொட்டைமாடியில் காயவைக்கச் சொன்னார்கள். அதைச் சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள்.

இவற்றில் சில ஆணைகள் தம்மளவில் நல்லவை என்பதை நாம் மறுக்கவில்லை. தூய்மையும் வெளிச்சமும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. இதே ஆணையை ஊர்ப் பெரியவர்களோடு கலந்து, அவர்கள் வாயால் சொல்லச் செய்திருந்தால் மக்கள் ஏற்றிருக்கக்கூடும். துப்பாக்கியோடு வருகிறவன் சொல்லும் நன்மையில் மக்கள் முதலில் துப்பாக்கியைத்தான் பார்க்கிறார்கள். மையித்து, கப்ரு, வீட்டுப் பெண்கள், வாசற்கதவு ஆகியவற்றில் கை வைக்கிறவன் தன்னை மருத்துவன் என்று சொல்லிக்கொண்டாலும் மனம் ஏற்பதில்லை.

தோளில் இட்ட மூவண்ணம்

கெய்ரோவில் கால் வைத்த சில நாட்களிலேயே நெப்போலியன் உலமாக்களைக் கொண்டு திவான் எனும் ஆலோசனை அவையை அமைத்தார். ஷேக் அஷ்ஷர்காவீ அதன் தலைவராக இருந்தார். அந்த உலமாக்களைத் துரோகிகள் என்று எளிதில் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. ஊரைக் கொள்ளையிலிருந்து காக்கவும், சிறைப்பட்டவர்களுக்காகப் பரிந்து பேசவும் யாரேனும் இடையில் நிற்க வேண்டியிருந்தது. ஜபர்தீயும் பிற்காலத்தில் அத்தகைய அவையில் அங்கம் வகித்தவரே.

ஒருநாள் நெப்போலியன் ஷேக்குகளை அழைத்து, பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள் கொண்ட சால்வை ஒன்றை அஷ்ஷர்காவீயின் தோளில் போர்த்தினார். ஷேக்கின் முகம் மாறியது. சால்வையைத் தரையில் எறிந்தார். மொழிபெயர்ப்பாளர் அது கண்ணியப்படுத்தும் நோக்கில் செய்யப்பட்டது என்று விளக்கினார். அதை அணிந்தால் அல்லாஹ்விடமும் சமுதாயத்திடமும் தங்கள் மதிப்பு அழிந்துவிடும் என்பதே உலமாக்களின் பதிலாக இருந்தது. நெப்போலியன் சினமுற்றார்.

அவருடைய கணக்கில் ஒரு பிழை இருந்தது. அஷ்ஷர்காவீயின் சொல்லுக்கு மக்கள் கட்டுப்பட்டார்கள் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார். மக்கள் ஏன் கட்டுப்பட்டார்கள்? ஆட்சியாளரின் அநீதிக்கு எதிராக அல்அஸ்ஹரின் கதவை மூடியவர் என்பதால். ஆட்சியாளரின் சால்வையைப் போர்த்திக்கொண்ட மறுகணமே அந்தச் சொல்லின் மதிப்பு போய்விடும். ஆக்கிரமிப்பாளர் உள்ளூர்த் தலைவர்களைத் தேடுவது மக்களிடம் அவர்களுக்குள்ள செல்வாக்குக்காக. அவர்களைப் பயன்படுத்தும் விதத்தாலேயே அந்தச் செல்வாக்கை அழித்துவிடுவார். பிறகு அவருக்கும் மக்களுக்கும் இடையே பேச எவரும் எஞ்சுவதில்லை.

அல்அஸ்ஹரின் முற்றத்தில்

அக்டோபர் மாதம் சொத்துப் பத்திரங்களைப் பதிவுசெய்யக் கட்டணம், வீடு, கடை, குளியலறைக் கூடம், எண்ணெய்ச் செக்கு ஆகியவற்றுக்குத் தரவாரியாக வரி என்று புதிய ஆணைகள் வந்தன. பல தலைமுறைகளாகத் தம் வீட்டில் வாழ்ந்தவர்கூட அது தம்முடையது என்று பணம் கட்டி நிரூபிக்க வேண்டும். 1798 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை கெய்ரோ எழுந்தது. கடைகள் மூடப்பட்டன. கூட்டம் அல்அஸ்ஹரை நோக்கித் திரண்டது. நகரின் பிரெஞ்சு ஆளுநர் தளபதி துப்புயி கொல்லப்பட்டார்.

மறுநாள் உயரமான இடங்களில் நிறுத்தப்பட்ட பீரங்கிகள் அல்அஸ்ஹரையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் நோக்கி முழங்கின. மாலையில் மக்கள் பணிந்தார்கள். இரவில் குதிரைப்படை அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்குள் நுழைந்தது. கிப்லாத் திசையில் குதிரைகளைக் கட்டினார்கள்; மாணவர்களின் அறைகளைச் சூறையாடினார்கள்; நூல்களையும் குர்ஆன் பிரதிகளையும் தரையில் வீசி மிதித்தார்கள் என்று ஜபர்தீ எழுதுகிறார். பல நூற்றுக்கணக்கில் எகிப்தியர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் உலமாக்கள் சிலர் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இரகசியமாகக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பார்வையற்றோர் சங்கத்தின் தலைவர் ஷேக் சுலைமான் அல்ஜவ்சகீயும் ஒருவர்.

மீலாதுக்குக் கொடுத்த 300 ரியாலை அன்றிரவுக்குப் பின் எவர் நினைவில் வைத்திருப்பார்? கலகம் செய்தவனைத் தண்டிப்பது ஒன்று. அவன் தொழுத பள்ளியைத் தண்டிப்பது வேறு. கிளர்ச்சியில் பங்கு கொள்ளாத ஆயிரக்கணக்கானோரும் அல்அஸ்ஹரைத் தங்கள் வீடாகக் கருதியவர்கள். பொதுத் தண்டனை விதிக்கும் படை, தனக்கு எதிரியாக இல்லாதவனையும் எதிரியாக்கிக்கொள்கிறது.

நம் பக்கத்துத் தவறும் எழுதப்பட வேண்டும்

நெப்போலியன் 1799இல் சிரியா மீது படையெடுத்தார். யாஃபாவில் சரணடைந்த கைதிகளை ஆயிரக்கணக்கில் கொல்லச் செய்தார். அக்கா கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். ஆகஸ்ட் மாதம் படையைத் தளபதி க்ளேபரிடம் ஒப்படைத்துவிட்டு, ஓசையின்றிக் கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். இடையில் கெய்ரோவிலிருந்து நம் நாட்டு திப்பு சுல்தானுக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. உதவி எதுவும் வராமலே 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு ஷஹீதானார்.

1800 மார்ச் மாதம் கெய்ரோ இரண்டாம் முறை எழுந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் நகரம் எதிர்த்து நின்றது. புலாக் பகுதி எரிந்து சாம்பலானது. இந்தக் கிளர்ச்சியில் நாம் பெருமைப்பட முடியாத ஒன்றும் நடந்தது. உஸ்மானியத் தளபதி ஒருவரின் தூண்டுதலில் கூட்டத்தில் ஒரு பகுதி, நகரின் கிறித்தவக் குடியிருப்புகளைத் தாக்கியது. தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள், படைக்கு ஒத்துழைத்தார்கள் என்ற பொதுப் பழியில் கொல்லப்பட்டார்கள், கொள்ளையிடப்பட்டார்கள். சிலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தது உண்மை. அதற்காக ஒரு தெருவையே தண்டிப்பது, அல்அஸ்ஹரில் குதிரை கட்டியவன் செய்த அதே அநீதியல்லவா? முதல் கிளர்ச்சியின்போதும் கொள்ளையில் இறங்கிய கூட்டத்தை ஜபர்தீ கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆக்கிரமிப்பு அண்டை வீட்டாரைப் பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிவினைக்கு இரையாகாமல் இருப்பது நம் பொறுப்பு.

முடிவு எப்படி இருந்தது? உஸ்மானியப் படையும் மம்லூக்குகளும் உடன்பாடு செய்துகொண்டு நகரை விட்டு வெளியேறினார்கள். தண்டத் தொகை முழுவதையும் கெய்ரோவின் மக்கள் சுமந்தார்கள். மதிப்புக்குரிய ஷேக் அஸ்ஸாதாத்கூடச் சிறையில் அடைக்கப்பட்டு, பெருந்தொகை கட்டச் செய்யப்பட்டார். ஜூன் 14 அன்று அலெப்போவைச் சேர்ந்த சுலைமான் அல்ஹலபீ எனும் இளைஞர் க்ளேபரைக் குத்திக் கொன்றார். விசாரணை நடந்தது; அதன் முறைமையை ஜபர்தீ வியந்து பதிவுசெய்தார். தண்டனையோ கொடூரமானது: அவருடைய வலக்கை எரிக்கப்பட்டது, பின்னர் கழுவேற்றப்பட்டார். அல்அஸ்ஹர் மூடப்பட்டது.

முஸ்லிமான தளபதி

க்ளேபருக்குப் பின் வந்த தளபதி மெனூ இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் எனப் பெயர் சூடியவர். ரஷீத் நகரத்துப் பெண்ணை மணந்தவர். அவருடைய உள்ளத்தை அல்லாஹ் அறிவான். அதைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆயினும் அவர் எகிப்தைப் பிரான்சின் குடியேற்ற நாடாகவே கருதினார். வரி குறையவில்லை. மக்களின் மனமும் மாறவில்லை. 1801ஆம் ஆண்டு ஆங்கிலேய, உஸ்மானியப் படைகளிடம் பிரெஞ்சுப் படை சரணடைந்து நாடு திரும்பியது.

மாணவரின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. அறிக்கையில் எழுதிய பிஸ்மில்லாஹ்வும் மக்களை வெல்லவில்லை. கலிமா சொன்ன தளபதியும் வெல்லவில்லை. மக்கள் கேட்டது மார்க்கத்தின் பெயரை அன்று. தங்கள் உயிரும் பொருளும் மானமும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்பதை.

மீண்டும் மீண்டும் அதே சொல்

இந்தப் பாடத்தைப் பிரான்சு கற்றதா? 1830 ஜூலையில் அல்ஜியர்ஸ் நகரம் சரணடைந்தபோது, மக்களின் மார்க்கமும் சொத்தும் தீண்டப்படா என்று உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் கெச்சாவா பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. 1917இல் பாக்தாதைக் கைப்பற்றிய ஆங்கிலேயத் தளபதி மோட், வெற்றியாளராக அல்ல, விடுவிப்பவராக வந்ததாக அறிக்கை விட்டார். 1920இல் ஈராக் முழுவதும் கிளர்ச்சி எழுந்தது; ஷியாக்களும் சுன்னிகளும் அதில் இணைந்து நின்றார்கள். 2003இல் அதே பாக்தாதில் மீண்டும் விடுவிப்பு என்ற சொல் ஒலித்தது. மே மாதம் ஈராக்கிய இராணுவம் ஒரே ஆணையில் கலைக்கப்பட்டு, பல இலட்சம் பேர் வாழ்வாதாரம் இழந்தார்கள். அடுத்த ஆண்டு அபூ குரைப் சிறையின் படங்கள் வெளிவந்தன. ஆண்டும் நாடும் மாறின, வழி மாறவில்லை.

ஹிம்ஸ் நகரில் திருப்பிக் கொடுத்த பணம்

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வை பலாதுரீ, அபூ யூசுஃப் ஆகிய முன்னோர் தம் நூல்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். யர்மூக் போருக்குச் சற்று முன்பு, ரோமப் பெரும்படை திரண்டு வருவதை அறிந்து, முஸ்லிம் படை ஹிம்ஸ் முதலிய நகரங்களிலிருந்து பின்வாங்க வேண்டியிருந்தது. அந்த மக்களிடம் பாதுகாப்புக்கு ஈடாக வரி பெற்றிருந்தார்கள். இப்போது பாதுகாக்க இயலவில்லை. எனவே பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு அபூஉபைதா (ரலி) அவர்கள் ஆணையிட்டார்கள். ஹிம்ஸ் மக்கள், உங்கள் நீதி முன்பிருந்த ஆட்சியின் கொடுமையைவிட எங்களுக்கு விருப்பமானது என்ற கருத்தில் பதிலளித்ததாக அந்த நூல்கள் கூறுகின்றன.

அந்த மக்கள் அப்போது முஸ்லிம்கள் அல்லர். படையும் அவர்கள் ஊருக்கு வெளியிலிருந்து வந்ததே. வலிமை குன்றிய நேரத்தில், கையில் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், வாக்குக்காகப் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். அபூகீருக்குப் பின் பிரெஞ்சுப் படைக்கும் அதே நெருக்கடி வந்தது. அவர்கள் வாக்கை விட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். வேறுபாடு அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இதைக் கூறி நாம் பெருமையடித்து ஓய்ந்துவிடக் கூடாது. ஹிம்ஸ் நிகழ்வு நமக்குப் பதக்கம் அன்று. நம்மை அளக்கும் கோல். அதே கோலால் மம்லூக்குகளை அளந்தால் அவர்களும் தேறமாட்டார்கள். கெய்ரோ மக்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் வெளியேறிய நான்காம் ஆண்டில், 1805 மே மாதம், சையித் உமர் மக்ரமும் ஷேக் அஷ்ஷர்காவீயும் முன்னிற்க, தங்களைக் கொள்ளையடித்த உஸ்மானிய ஆளுநர் குர்ஷித் பாஷாவையே நிராகரித்து, நீதியாக ஆள வேண்டும் என்ற நிபந்தனையோடு முஹம்மத் அலீயைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ நான்கே ஆண்டுகளில் உமர் மக்ரமைக் கெய்ரோவை விட்டு வெளியேற்றினார். அந்நியன் போனதால் மட்டும் அநீதி போய்விடுவதில்லை.

அதிகாரம் என்பது பெரிய படைகளிடம் மட்டும் இருப்பதன்று. ஜமாஅத் நிர்வாகத்தில், பள்ளிவாசல் கணக்கில், கடையில் வேலை செய்பவரிடம், வீட்டில் நம் சொல்லுக்குக் காத்திருப்பவர்களிடம் நமக்கும் ஒரு சிறிய அதிகாரம் உண்டு. நாம் பேசும் அழகிய சொற்களை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கு வைப்பது நம் கைகள் செய்வதை. நெருக்கடி வரும்போது வாக்கைக் காக்கிறோமா, பணத்தைக் காக்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

ஆக்கிரமிப்பின் கீழ் வாடும் மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் விடிவைத் தருவானாக! நம் கையில் உள்ள சிறிய அதிகாரத்தில் நீதியாக நடக்க நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.